நாய் விளையாட்டுப் போட்டிகளில் நேர்மறை வலுவூட்டல் பயிற்சி

நேர்மறை வலுவூட்டல் பயிற்சி என்பது, நாய் சரியான செயலைச் செய்த உடனே அதற்கு விருப்பமான ஒன்றைக் கொடுத்து, அச்செயலை அது மீண்டும் மீண்டும் செய்யுமாறு பழக்கும் முறையாகும். விருப்பமான அந்த ஒன்று கோழி இறைச்சித் துண்டாக இருக்கலாம்; பந்தாக இருக்கலாம்; கயிற்றை இழுத்து விளையாடும் வாய்ப்பாகவும் இருக்கலாம். அஜிலிட்டி எனப்படும் தடையோட்டம், கீழ்ப்படிதல் போட்டி, ஃபிளைபால் அஞ்சலோட்டம் முதலிய நாய் விளையாட்டுகளில் இன்று பரவலாகக் கையாளப்படுவது இம்முறையே.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. அஜிலிட்டி போட்டிக் களத்துக்குள் உணவு கொண்டுசெல்லக் கூடாது. பொம்மையும் கூடாது. ஓட்டத்தின்போது நாயைக் கையால் தொடவும் கூடாது. வெகுமதியைக் கொண்டே பழகிய நாய், வெகுமதி கண்ணில் படாத இடத்தில்தான் தன் திறமையைக் காட்ட வேண்டியிருக்கிறது. இப்பயிற்சியின் நுட்பங்களில் பெரும்பாலானவை இந்த முரண்பாட்டைக் கடப்பதற்காக உருவானவை. அவற்றை விளங்கிக்கொள்ள அஜிலிட்டியே ஏற்ற எடுத்துக்காட்டு.

அஜிலிட்டி போட்டி

1978ஆம் ஆண்டு லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரு நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் பார்வையாளர்களுக்குப் பொழுதுபோக்காக ஏதேனும் காட்ட வேண்டியிருந்தது. கண்காட்சிக் குழுவைச் சேர்ந்த ஜான் வார்லி, பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல்லின் உதவியுடன், குதிரைத் தாண்டல் போட்டியைப் பார்த்து நாய்களுக்கான தடையோட்டம் ஒன்றை அமைத்தார். இடைவேளை நிகழ்ச்சியாக வந்த அது பார்வையாளர்களை வெகுவாகக் கவர்ந்தது. 1980இல் பிரித்தானிய கென்னல் கிளப் இதற்கு விதிகள் வகுத்தது. 1994இல் அமெரிக்க கென்னல் கிளப்பும் இப்போட்டியை நடத்தத் தொடங்கியது. பன்னாட்டு நாய் வளர்ப்புக் கூட்டமைப்பின் உலகப் போட்டி 1996 முதல் நடைபெறுகிறது.

பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி ஒரு தடத்தில் 15 முதல் 22 தடைகள் வரை இருக்கும். தாண்டுத் தடைகள், சுரங்கக் குழாய், சீசா பலகை, ஏ வடிவச் சரிவு, நடைப்பாலம், நெளிந்து செல்ல வேண்டிய 12 கம்பங்கள் ஆகியவை அவற்றுள் அடங்கும். தடத்தை நடுவர் அவ்வப்போது புதிதாக அமைப்பார். போட்டிக்குச் சற்று முன்னர் நாயைக் கையாளுபவர் மட்டும் தடத்தில் நடந்து பார்க்கலாம். நாய் முதன்முதலாக அத்தடத்தைக் காண்பது ஓடத் தொடங்கும்போதுதான். எனவே மனப்பாடமாக ஓடும் நாய்க்கு இங்கு வேலையில்லை. ஒவ்வொரு தடையையும் அது தனித்தனியாக அறிந்திருக்க வேண்டும். எத்தடைக்குப் போவது என்பதை ஓட்டத்தின் நடுவே கையாளுபவரின் குரலிலிருந்தும் உடல் அசைவிலிருந்தும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வற்புறுத்தல் முறை

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நாய்ப் பயிற்சி என்றால் கழுத்துப்பட்டையும் கயிறும்தான். ஜெர்மானியக் காவல்துறை அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1910இல் வெளியிட்ட பயிற்சி நூல், வெகுமதியின் பங்கைத் தெளிவாக உணர்ந்திருந்தபோதிலும், கயிற்றைச் சுண்டி இழுப்பதையும் பிரம்பையும் பெரிதும் நம்பியது. டிஸ்னி படங்களுக்கு விலங்குகளைப் பழக்கிய வில்லியம் கோலரின் 1962ஆம் ஆண்டு நூலும் இதே வழியில் சென்று அமெரிக்காவில் மிகப் பரவலாக விற்பனையானது. அமெரிக்காவில் 1933இல் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் தொடங்கிவைத்த கீழ்ப்படிதல் போட்டிகளிலும் நெடுங்காலம் இம்முறையே கோலோச்சியது. இம்முறையில் பழகிய நாய்கள் போட்டிகளில் வெல்லவே செய்தன என்பதை மறுப்பதற்கில்லை.

அஜிலிட்டி வந்தபோது இம்முறைக்குப் பிடிமானம் இல்லாமல் போயிற்று. கயிறில்லாமல், கையாளுபவரிடமிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் தொலைவில், முழு வேகத்தில் ஓடும் நாயைச் சுண்டி இழுக்க எதுவும் இல்லை. அடிக்கும் கண்டிப்புக்கும் அஞ்சிய நாய் தவறு செய்யாமல் இருக்கும். ஆனால் தயங்கித் தயங்கி ஓடும். நொடியின் நூறில் ஒரு பங்கு கணக்கில் வெற்றி தீர்மானிக்கப்படும் போட்டியில் தயக்கமே தோல்வியாகிவிடும். அன்பு பெருகியதால் மட்டும் பயிற்சி முறை மாறிவிடவில்லை. விளையாட்டின் இயல்பும் அம்மாற்றத்தைக் கோரியது.

அடிப்படைக் கோட்பாடு

ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் கல்வி உளவியலில் படிக்கும் பாவ்லோவ், தார்ண்டைக், ஸ்கின்னர் ஆகிய மூவரின் ஆய்வுகளே இம்முறைக்கும் அடித்தளம். புதிர்ப்பெட்டியில் அடைத்த பூனைகளை ஆராய்ந்த தார்ண்டைக், இன்பமான விளைவைத் தரும் செயல் வலுப்பெறும் என்னும் விளைவு விதியை 1898ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வளர்த்தெடுத்தார். ஸ்கின்னர் அதைச் செயல்படு ஆக்கநிலையிறுத்தம் என்னும் கோட்பாடாக விரித்தார்.

இங்கு சொற்களில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. நேர்மறை, எதிர்மறை என்பவை நல்லது, கெட்டது என்னும் பொருளில் வருவன அல்ல. ஒன்றைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் மட்டுமே குறிப்பன. வலுவூட்டல் என்றால் செயல் பெருகும். தண்டனை என்றால் செயல் குறையும். நாய் உட்கார்ந்ததும் இறைச்சி கொடுப்பது நேர்மறை வலுவூட்டல். கயிற்றை இறுக்கிப் பிடித்து, உட்கார்ந்ததும் தளர்த்துவது எதிர்மறை வலுவூட்டல். எழுந்ததும் அதட்டுவது நேர்மறைத் தண்டனை. எழுந்ததும் கொடுக்கவிருந்த இறைச்சியைத் திரும்ப எடுத்துக்கொள்வது எதிர்மறைத் தண்டனை. எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றே என்று தேர்வுத்தாளில் எழுதுவோர் பலர். கயிறு தளரும் எடுத்துக்காட்டை நினைவில் வைத்தால் அந்தப் பிழை வராது.

மற்றொரு குழப்பம், வெகுமதியைக் கையூட்டாக எண்ணுவது. கையில் பிஸ்கட்டைக் காட்டி நாயைப் பாலத்தின் மேல் இழுத்துச்செல்வது கையூட்டு. நாய் பார்ப்பது பிஸ்கட்டைத்தான். கால் எங்கே வைக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. செயல் முடிந்தபின் எங்கிருந்தோ வந்து சேரும் பிஸ்கட்தான் வலுவூட்டி. இவ்வேறுபாடு கைவராதவர்களின் நாய்கள்தாம் களத்தில் வெறுங்கையைக் கண்டதும் நின்றுவிடுகின்றன.

கிளிக்கர்

வீட்டுக்குள் தட்டு வைக்கும் ஓசை கேட்டாலே தெருமுனையிலிருந்து நாய் ஓடிவருவதை எவரும் பார்த்திருப்பர். தட்டோசையைத் தின்ன முடியாது. ஆனால் அதன் பின்னால் சோறு வரும் என்று நாய்க்குத் தெரியும். பாவ்லோவ் விளக்கிய இந்த இணைப்பைத்தான் கிளிக்கர் பயன்படுத்துகிறது. அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் சிறு கருவி அது. முதலில் ஒலியெழுப்பி உடனே உணவு கொடுப்பதைச் சில முறை செய்தால், அவ்வொலியே வெகுமதியின் அறிவிப்பாகிவிடும்.

1951இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கட்டுரையில் ஸ்கின்னரே இத்தகைய ஒலிப் பொம்மையைப் பரிந்துரைத்தார். அவரிடம் பயின்ற கெல்லர் பிரிலாண்ட், மரியன் பிரிலாண்ட் இணையர் விலங்குப் பயிற்சியையே தொழிலாக்கி, பற்பல இனங்களை இம்முறையில் பழக்கினர். டால்பினுக்குக் கயிறு கட்ட முடியாது; கண்டித்தால் அது நீந்திப் போய்விடும். ஆகவே கடல்விலங்குக் காட்சியகங்களில் ஊதலும் மீனும் கொண்டு பழக்கும் முறை வேரூன்றியது. ஹவாயில் 1960களில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984இல் வெளியிட்ட 'டோண்ட் ஷூட் த டாக்' என்னும் நூலும், 1990களில் அவரும் பிறரும் நடத்திய பயிலரங்குகளும் இதனை நாய் வளர்ப்போரிடம் கொண்டுசேர்த்தன.

ஒலியின் பயன் அதன் துல்லியத்தில் இருக்கிறது. நாயின் பின்னங்கால் பலகையைத் தொடும் நொடியில் இறைச்சியை அதன் வாயில் வைக்க எவராலும் இயலாது. ஆனால் அந்நொடியில் ஒலியெழுப்ப முடியும். ஒரு நொடி பிந்தினால் அதற்குள் நாய் தலையைத் திருப்பியிருக்கும். தலையைத் திருப்பியதற்கே வெகுமதி என்று அது புரிந்துகொள்ளும். எனவே பயிற்சியாளர்கள் பலர் நாயைத் தொடுவதற்கு முன் தாங்களே பழகுகின்றனர்: ஒருவர் பந்தைத் தரையில் விட, அது தரையைத் தொடும் கணத்தில் மற்றவர் கிளிக்கரை அழுத்திப் பார்ப்பர். நாய்க்கு முன் கைக்குப் பயிற்சி தேவை என்பதை இதைச் செய்து பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வர்.

தொடு பகுதி

இம்முறையின் வலிமையும் சிக்கலும் ஒருசேர வெளிப்படும் இடம் தொடு பகுதியாகும். ஏ வடிவச் சரிவு 1.7 மீட்டர் உயரம் உடையது. அதன் சரிவுகளின் அடிப்பகுதியில் 1.06 மீட்டருக்கும், நடைப்பாலத்தின் சரிவுகளின் அடிப்பகுதியில் 90 செ.மீ. அளவுக்கும் வேறு வண்ணம், பெரும்பாலும் மஞ்சள், பூசப்பட்டிருக்கும். இறங்கும்போது நாயின் பாதங்களில் ஒன்றாவது இவ்வண்ணப் பகுதியில் பட வேண்டும். இல்லையேல் 5 தவறுப் புள்ளிகள். உயரத்திலிருந்து குதித்து மூட்டுகளைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே இவ்விதியின் நோக்கம். ஆனால் விரைந்தோடும் நாய்க்கு உச்சியிலிருந்து தாவுவதே இயல்பு.

இதற்குப் பரவலாகக் கற்பிக்கப்படும் தீர்வு, பின்னங்கால்கள் இரண்டும் பலகையிலும் முன்னங்கால்கள் இரண்டும் தரையிலும் இருக்குமாறு நாயை நிற்கவைப்பது. முதல் நாள் பாலமே இருக்காது. தரையில் ஒரு தாழ்ந்த பலகை மட்டும் கிடக்கும். நாய் அதைப் பார்த்தால் கிளிக் ஒலியும் உணவும். அடுத்து, கால் வைத்தால் மட்டும். பிறகு, பின்னங்கால் வைத்தால் மட்டும். இவ்வாறு சிறு சிறு படிகளாக எதிர்பார்ப்பை உயர்த்துவதற்கு வடிவமைத்தல் என்று பெயர். நாய் அடுத்தடுத்துத் தவறினால் படி மிக உயரம் என்று பொருள். பயிற்சியாளர் ஒரு படி கீழிறங்க வேண்டும். இறங்க மனம் வராமல் அதே படியில் நாயோடு மல்லுக்கட்டுவது தொடக்கநிலையாளர்களிடம் மிகுதியாகக் காணப்படும் குறை.

நிற்கும் நிலை உறுதியானபின் பலகையின் ஒரு முனை உயர்த்தப்படும். நாயை முதலில் பலகையின் கடைசி அடியில் ஏற்றி இறங்கச் செய்வர், பிறகு நடுவில், பிறகு மறுமுனையிலிருந்து. முடிவிலிருந்து தொடக்கம் நோக்கிக் கற்பிக்கும் இந்தப் பின்னோக்குச் சங்கிலி முறையில், நாய் எப்போதும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்தை நோக்கியே செல்கிறது. ஆகவே வேகம் குறைவதில்லை.

அங்கிருந்து கிளம்ப ஒரு விடுப்புச் சொல் உண்டு. இங்கேதான் நாய் மனிதரை முந்திக்கொள்கிறது. சொல்லைச் சொல்வதற்கு முன் கையாளுபவர் தம்மையறியாமல் தோளை அசைத்தால், நாய் சில நாள்களில் சொல்லை விட்டுவிட்டுத் தோளைக் கவனிக்கத் தொடங்கிவிடும். போட்டி நாளில் அவர் தோளைத் திருப்பிக்கொண்டு அடுத்த தடைக்கு ஓடினால் நாயும் கிளம்பிவிடும். இதனால் பயிற்சியில் கையாளுபவர் ஓடியும், நின்றும், பந்தை எறிந்தும், எதற்கும் அசையாமல் சொல்லுக்கு மட்டும் காத்திருக்கும் நாய்க்கு வெகுமதி தருவர்.

இவ்வளவையும் கடந்து போட்டிக்கு வந்தபின்தான் சோதனை. மைதானத்தில் கூட்டம், கடிகாரம் ஓடுகிறது, அதுவரை ஒரு தவறும் இல்லை. நாய் மஞ்சள் பகுதியில் நிற்காமல், பாதத்தை மட்டும் உரசிவிட்டுப் பாய்ந்துவிடுகிறது. நடுவர் கை உயர்த்தவில்லை. கையாளுபவர் நிம்மதிப் பெருமூச்சுடன் ஓட்டத்தைத் தொடர்கிறார். அவருக்குப் பதக்கம் கிடைக்கலாம். நாய்க்கோ அதைவிடப் பெரிய பரிசு கிடைத்துவிட்டது: அடுத்த தடையைத் தாண்டும் வாய்ப்பு. விரும்பிச் செய்யும் செயல் ஒன்று மற்றொரு செயலுக்கு வலுவூட்டியாகும் என்பது உளவியலாளர் டேவிட் பிரிமேக் 1959இல் விளக்கிய கொள்கை. ஓட்டத்தில் திளைக்கும் நாய்க்குச் சுரங்கக் குழாய் இறைச்சித் துண்டுக்குச் சற்றும் குறைந்ததன்று.

நான்கைந்து போட்டிகளில் இப்படி நேர்ந்தால், வீட்டுப் பலகையில் சிலைபோல் நிற்கும் நாய் போட்டியில் மட்டும் நிற்காது. 'மறந்துவிட்டது', 'வேண்டுமென்றே ஏமாற்றுகிறது' என்பர். உண்மையில் அது மிக நன்றாகக் கற்றிருக்கிறது: இங்கே நின்றால் உணவு, அங்கே பாய்ந்தால் ஓட்டம். இதைத் தவிர்க்கத் தெரிந்தவர்கள், நாய் பாய்ந்ததும் கோபமோ அதட்டலோ இன்றி ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி, நாயுடன் களத்தை விட்டு வெளியேறிவிடுகின்றனர். நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் பதக்க வாய்ப்பும் போகும். இதுவும் தண்டனைதான், எதிர்மறைத் தண்டனை. அதை ஒளிக்கத் தேவையில்லை. மேலும், தேர்ந்த நாய்க்கு இது ஒரு பாடமாகலாம். களத்தைக் கண்டே மிரளும் இளம் நாயைச் செய்தால் அதன் அச்சம் கூடும். எந்த நாயிடம் எதைச் செய்வது என்னும் முடிவைக் கோட்பாடு எடுத்துத் தராது.

நில்லாமல் ஓடியபடியே மஞ்சள் பகுதியை மிதிக்கப் பழக்கும் முறையும் உண்டு. அதில் நேரம் மிச்சமாகும். ஆனால் பாதம் பட்டதா இல்லையா என்பதை ஓட்டத்தின் நடுவே கண்டு ஒலியெழுப்பும் கண்கூர்மை வேண்டும்.

உணவின்றி ஓடப் பழக்குதல்

நெளிவுக் கம்பங்களையும் இதேபோல் படிப்படியாகவே கற்பிக்கின்றனர். இரண்டு கம்பங்களில் தொடங்கி, அவற்றினூடே சரியான பக்கத்தில் நுழைந்தால் பந்து எறிவது. பிறகு நான்கு, ஆறு என்று பன்னிரண்டு வரை சேர்ப்பது ஒரு வழி. 12 கம்பங்களையும் கடந்தபின்தான் பந்து கிடைக்கும் என்னும் நிலை வரும்போது, ஒரு வெகுமதிக்காக நாய் செய்யும் வேலையின் அளவு தானாகவே கூடியிருக்கும். ஒவ்வொரு முறையும் உணவு என்பதிலிருந்து, எப்போது வரும் என்று கணிக்க முடியாத இடைவெளிக்கு மாறுவது அடுத்த படி. இவ்வாறு இடைவிட்டு வலுவூட்டப்பட்ட செயல் எளிதில் மறைவதில்லை என்பது ஸ்கின்னரின் ஆய்வகத்தில் தெளிவாகக் கண்டறியப்பட்ட செய்தி.

வெகுமதி இருக்கும் இடமும் மாற்றப்படும். தொடக்கத்தில் கையாளுபவரின் பையில் இருக்கும் உணவு, பின்னர் களத்துக்கு வெளியே ஒரு நாற்காலியில் மூடிய பெட்டிக்குள் போய்விடும். வேலை முடிந்ததும் இருவரும் ஒன்றாக அங்கே ஓடுவர். வெறுங்கையுடன் வரும் மனிதரிடமும் வெகுமதி உண்டு என்பதை நாய் கற்பது இவ்வாறுதான். இவற்றில் அவசரம் காட்டி, உணவைத் திடீரென நிறுத்திவிட்டால் நாய் குரைக்கும், சுற்றும், மோப்பம் பிடிக்கத் தொடங்கும். சில நாய்கள் ஓடிக்கொண்டே கையாளுபவரின் கால்சட்டையைக் கவ்வுவதும் உண்டு. திமிர் என்று இதைக் கருதுவோர் உண்டு. பல வேளைகளில் தெளிவில்லாத குறிப்புகளால் வந்த எரிச்சலே அது.

எல்லைகளும் சர்ச்சைகளும்

உணவு கொடுத்தால் எவ்விலங்குக்கும் எதையும் கற்பிக்கலாம் என்பது மிகை. இதை முதலில் எடுத்துரைத்தவர்கள் இம்முறையில் ஊறிய பிரிலாண்ட் இணையரே. காசை எடுத்து உண்டியலில் போடப் பழக்கப்பட்ட ரக்கூன்கள் காசுகளைப் போடாமல் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்ததையும், பன்றிகள் காசை மண்ணில் போட்டு மூக்கால் கிளறியதையும் 1961இல் எழுதிய கட்டுரையில் அவர்கள் விவரித்தனர். இனத்துக்குரிய இயல்பு பயிற்சியின் மேல் ஏறிவிடுகிறது. மந்தை மேய்க்கும் பார்டர் கோலி அசைவதைக் கண்டால் பதுங்கிப் பார்ப்பதும், வேட்டை நாய் முயலைக் கண்டால் ஓடுவதும் இத்தகையவை.

வற்புறுத்தல் முறை முற்றிலும் மறைந்துவிடவுமில்லை. மோப்பத் தடம் பற்றுதல், கீழ்ப்படிதல், காவல் ஆகிய மூன்று பிரிவுகளைக் கொண்ட ஐஜிபி போட்டியில், கடித்த கைக்கவசத்தை நாய் ஆணை கேட்டதும் விட வேண்டும். கடிப்பதே அதற்குப் பெரும் இன்பமாக இருக்கும்போது எந்த உணவு அதற்கு ஈடாகும் என்பது வற்புறுத்தலை ஆதரிப்போரின் வாதம். விட்டால் மறுபடி கடிக்கக் கிடைக்கும் என்று கற்பித்தால் கடியே வெகுமதியாகும் என்பது மறுதரப்பின் விடை. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டைகளைப் பயன்படுத்துவது விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. வேல்ஸ் 2010இல் அவற்றைத் தடை செய்தது.

பிளோஸ் ஒன் ஆய்விதழில் 2020இல் வெளிவந்த போர்த்துக்கல் ஆய்வு ஒன்று, பயிற்சிப் பள்ளிகளில் பயின்ற 92 வளர்ப்பு நாய்களை ஒப்பிட்டது. தண்டனை மிகுந்த பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது பதற்றத்தின் அறிகுறிகளை மிகுதியாகக் காட்டின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் கார்ட்டிசோல் கூடுதலாக உயர்ந்தது. இவை வீட்டு நாய்கள். உயர்நிலைப் போட்டி நாய்களைப் பற்றிய முடிவாக இதைக் கொள்வது பொருந்தாது.

நாயின் உடலும் ஓர் எல்லை. ஆர்வம் மிகுந்த நாய் வலித்தாலும் பந்துக்காக ஓடும். அதை நிறுத்த வேண்டியவர் மனிதரே. எலும்பு வளர்ச்சி முடியாத குட்டிகளை முழு உயரத்தில் தாண்ட விடுவதில்லை. பன்னாட்டுக் கூட்டமைப்பின் அஜிலிட்டி போட்டிகளில் 18 மாதம் நிறைந்த நாய்களே பங்கேற்கலாம். பயிற்சி உணவு அன்றாட உணவின் அளவிலிருந்து கழிக்கப்பட வேண்டும். எடை கூடிய நாயின் மூட்டுகள் தாண்டலைத் தாங்கா.

களத்துக்குள் வெகுமதி கூடாது என்னும் விதியும் இப்போது சற்றே தளர்ந்து வருகிறது. பிரித்தானிய கென்னல் கிளப் போட்டிகளில், புள்ளிக் கணக்கில் சேராத ஓட்டம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஒலியெழுப்பாத பொம்மை ஒன்றுடன் களத்தில் இறங்கலாம். அமெரிக்க கென்னல் கிளப்பிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு உண்டு. நாய் மஞ்சள் பகுதியில் நின்றால், கூட்டத்தின் நடுவிலேயே, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பொம்மையை அதன் வாயில் கொடுத்துவிட்டு வெளியே வரலாம். பதக்கம் எதுவும் கிடைக்காத இந்த ஓட்டத்துக்கும் முழு நுழைவுக் கட்டணத்தைச் செலுத்தும் போட்டியாளர்கள் இருக்கிறார்கள்.